அத்தையோடு ஒரு ஸ்டேஜ்

எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது. வருகிறவர் என் அத்தையோடு உட்கார்ந்து டிவி கேமில் ஒரு ஸ்டேஜாவது ஆடிக்காட்ட வேண்டும். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. தரகர் ஒருவர் தெருமுனையில் அப்பாவை நிறுத்தி, மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி சுடத் தெரிய வேண்டுமாமே, மிலிட்டரிக்காரராகப் பார்க்கட்டுமா என்று விசாரித்தார். கிண்டலா அக்கறையா என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த தெரு. திருச்சுழி தாண்டி வீரசோழன் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மாமா சீக்கிரமே காலமாகிவிட்டார். ஒரே மகன். என்னைவிடச் சில மாதம் மூத்தவன். முறைக்கு எனக்கு அத்தான் ஆக வேண்டும். நான் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் ஒருவர் மேல் ஒருவர் வாந்தி எடுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவனை மாலையும் கழுத்துமாக நினைத்துப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அவனுக்கும் அப்படித்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மகள் என்றால் தங்கை மகனுக்குத்தான் முதல் உரிமை. வெளியே கொடுப்பதென்றால் அத்தைக்காரி வாய் திறந்து, "சரி, குடுங்க" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் நடக்கிற கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு இறங்காது. ஆக, என் கல்யாணத்தின் சாவி அத்தையின் முந்தானையில் முடிந்திருந்தது. அவளோ அந்த முடிச்சை அவிழ்ப்பதாக இல்லை.

அந்த டிவி கேம் மகனுடையது. பள்ளிக்கூட நாளில் அழுது புரண்டு வாங்கியது. அவன் ஊரில் இருந்த காலமெல்லாம் அத்தை அதைச் சனியன் என்றுதான் சொல்வாள். பரீட்சைக்கு முன்னால் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள். அவன் படித்து முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போனான். வீடு அமைதியானது. அமைதி என்றால் எங்கள் தெருக்களில் தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது என்று அர்த்தம். ஒரு லீவு நாளில் அலமாரியைத் துடைக்கும்போது, கெட்டுப்போயிருக்குமோ என்று பார்ப்பதற்காக அதை டிவியில் மாட்டினாள். கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனது அத்தைதான் என்று அம்மா சொல்வாள்.

இருந்தது ஒரே கேசட்டு. ஏதோ ஒரு இங்கிலீஷ் சண்டைப் படத்தை வைத்துச் செய்த கேம். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடை ஒன்றைக் கெட்டவர்கள் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் போய் அங்கே வேலை செய்கிறவர்களை மீட்க வேண்டும். எல்லாமே மேலேயிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். மொட்டைமாடியில் நின்று தெருவைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. ஆளுக்கு ஓர் உச்சி மண்டை, இரண்டு தோள், ஒரு துப்பாக்கி. நீலத் தொப்பி ஒருவன், மஞ்சள் தொப்பி இன்னொருவன். மற்றபடி மூக்கும் முழியும் யாருக்கும் கிடையாது.

அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வரும். பாதிப் படத்தில் மஞ்சள் தொப்பிக்காரன் செத்துப்போவான். நீலத் தொப்பிக்காரன் அவசரப்பட்டு முன்னால் ஓடியதால் வந்த வினை. அத்தை அந்தக் கட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் அழுவாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேமைப் போடுவாள். படத்தில் செத்தவனைக் கேமில் சாகவிடாமல் கரைசேர்க்கிறது அவளுடைய பொறுப்பு என்று ஆகிவிட்டது.

அதனால் அவள் ஒற்றை ஆளாக ஆடவே மாட்டாள். இரண்டு பேர் ஆட்டம்தான். கூட ஆட ஆள் இல்லாவிட்டால் இரண்டு ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, நீலத் தொப்பியை நாலு எட்டு நடத்தி நிறுத்திவிட்டு, மஞ்சள் தொப்பியை அவன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பாள். இப்படியே ஆமை வேகத்தில் போனால் எப்போது கடைசி ஸ்டேஜ் வருவது? நடுவில் கரண்டு போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதற்கும் அவள் வருத்தப்பட்டதில்லை. "நல்லவேளை, ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டாக" என்பாள்.

ஆள் கிடைத்தால் விடமாட்டாள். சிலிண்டர் போட வந்தவரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்து, கையில் ரிமோட்டைத் திணித்து ஒரு ஸ்டேஜ் ஆடவைத்திருக்கிறாள். அந்த மனிதர் பயந்துபோய் அடுத்த மாதம் சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தார். கேபிள்காரர் மட்டும் விரும்பி வருவார். கெட்டவர்களை அத்தை திட்டுவதைக் கேட்கத்தான் வருகிறார் என்று எனக்குச் சந்தேகம். களவாணிப் பயலே, கண்டெய்னருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா தெரியாதா, மண்டை தெரியுதுல்ல என்று மூச்சு விடாமல் திட்டுவாள்.

அந்தக் கேமில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பேரும் ஒரே திரைக்குள் இருக்க வேண்டும். ஒருவன் முன்னால் ஓடினால் படம் அவனோடு நகர்ந்துவிடும். பின்னால் வருகிறவன் ஏதாவது இரும்புப் பெட்டிக்கும் திரையின் கீழ் விளிம்புக்கும் நடுவில் மாட்டி நசுங்கிப்போவான். கெட்டவர்கள் சுட்டுச் செத்தவர்களைவிடக் கூட்டாளி ஓடிச் செத்தவர்கள்தான் அந்த வீட்டில் அதிகம். என்னால் மட்டும் அத்தை எத்தனை தடவை நசுங்கியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

நிஜத்திலும் அவள் யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகமாட்டாள். திருச்சுழிப் பக்கம் வேலைக்குப் போகிற டீச்சர்கள், ஆயாக்கள், நர்சம்மா ஒருத்தி என்று தினமும் ஒரு கூட்டம் காலை பஸ்ஸில் போகும். அதில் ஒருத்தி வராவிட்டால் அத்தை பஸ்ஸை எடுக்கவிட மாட்டாள். ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நிற்பாள். கண்டக்டர் விசில் ஊதினால், "ஊதுங்க, வாயி வலிக்கிற வரைக்கும் ஊதுங்க" என்பாள். ஒருமுறை அப்படி ஒரு டீச்சருக்காக நிற்கவைத்ததில் பஸ்ஸே சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அந்த டீச்சர் முன்பக்கப் படியில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை கொஞ்சமும் அசரவில்லை. ஆள் வந்துவிட்டதே, அது போதும் என்று ஏறிக்கொண்டாள்.

இந்த அத்தைதான் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்ததும், "வாரவரு ஏங்கூட ஒரு ஸ்டேஜு ஆடட்டும்" என்று சொன்னாள். முதலில் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

முதலில் வந்தவர் விருதுநகரில் பைனான்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். வாட்டசாட்டமான ஆள். ரிமோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் இதிலேயே ஊறியவராம். ஆரம்பித்த வேகத்தில் பாய்ந்தார், சுட்டார், குதித்தார். அத்தை முதல் படிக்கட்டு ஏறுவதற்குள் நசுங்கினாள். அடுத்த உயிரிலும் நசுங்கினாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க ரொம்ப ஸ்லோ ஆன்ட்டி" என்றார். ஆன்ட்டி என்ற சொல்லிலேயே பாதிக் கல்யாணம் நின்றுவிட்டது. மீதியை அவர்கள் போன பிறகு அத்தை நிறுத்தினாள்.

இரண்டாவது ஆள் ஒரு வாத்தியார். பார்க்க சாது. அத்தையை முந்தவே இல்லை. நான்கூட நிம்மதியாகக் காப்பி ஆற்றினேன். ஆனால் முழு ஸ்டேஜும் அத்தையின் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார். எல்லாத் தோட்டாவும் அத்தைக்கு. வழியில் கிடந்த மருந்துப் பெட்டியெல்லாம் அவருக்கு. கடைசியில் அத்தை செத்துக் கிடக்க, அவர் ஒரு கீறல் இல்லாமல் நின்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அது விளையாட்டு, நிஜத்தில் அந்தத் தம்பிக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று சத்தம் போட்டார்.

"வீடு இருக்கட்டும்ணே" என்றாள் அத்தை. "அந்த வீட்டுக்குள்ள நம்ம பிள்ள எந்த மூலையில நிக்கும்னு நாமதான பாக்கணும்."

முகத்தைப் பார்த்து ஏமாந்துவிடலாம், மேலேயிருந்து மண்டையைப் பார்த்தால் ஏமாற முடியாது என்பது அவள் கட்சி. அம்மாவின் கட்சி வேறு. அடுப்படியில் பாத்திரத்தை ஒரு அரைத் தட்டு கூடுதலாகத் தட்டிக்கொண்டு, "எல்லாம் மகனுக்காக இழுத்தடிக்கிறாக. ஒவ்வொருத்தனா தள்ளிவிட்டுட்டு, கடைசில ஏம்மகனக் கட்டிக்கன்னு நிப்பாக, பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தடவி, "ஏம்வீட்டுப் பிள்ள" என்று சொல்வது எனக்கு அதுவரை இனிக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு அவள் கை நீண்டாலே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவினேன்.

நழுவியதற்குக் காரணம் இருந்தது. நான் அப்போது மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். காரியாபட்டியில் ஏறுகிற ஒருவரோடு பழக்கமாகி, பழக்கம் பேச்சாகி, பேச்சு வளர்ந்து, இவரில்லாமல் முடியாது என்கிற இடத்துக்கு வந்திருந்தது. விசாரித்துப் பார்த்ததில் சொந்தத்துக்குள் சொந்தமாகவே வேறு அமைந்தார். அவருடைய சித்தப்பா ஒருவரைப் பிடித்து, தரகர் காதில் போட்டு, தரகர் தானே கண்டுபிடித்த வரன் மாதிரி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்படி செய்தோம். இத்தனை வேலையும் செய்த பிறகு மிச்சமிருந்தது அத்தையின் ஸ்டேஜ்.

அவர் வாழ்க்கையில் டிவி கேமைத் தொட்டதே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே நான் பாடம் நடத்தினேன். அத்தைக்கு முன்னால் போகாதீர்கள். அதற்காக முதுகுக்குப் பின்னால் ஒளியவும் கூடாது. பக்கத்திலேயே போங்கள். மருந்துப் பெட்டி தெரிந்தால் அத்தைக்கு விடுங்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அதுதான் ஆபத்து என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வந்தார்கள். அத்தை வீட்டிலேயே டிபன் ஆயிற்று. அத்தை டிவியைப் போட்டாள். இவர் வேட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்து ரிமோட்டை இரண்டு கையாலும் வாங்கினார். சுடத் தெரியவில்லை, பாதிக் குண்டு கடலுக்குள் போயிற்று. ஆனாலும் அத்தையின் நீலத் தொப்பிக்குப் பக்கத்திலேயே இவருடைய மஞ்சள் தொப்பி நடந்தது. அவள் நின்றால் நின்றது. மருந்துப் பெட்டி வந்தது. அத்தை ஒதுங்கினாள், இவரும் ஒதுங்கினார். பெட்டி அனாதையாகக் கிடந்தது. தாண்டிப் போனார்கள். அத்தை ஓரக்கண்ணால் ஒருமுறை இவரைப் பார்த்தாள்.

ஸ்டேஜின் கடைசியில் ஓர் இரும்புக் கதவு. ஒருவர் முதலில் நுழைந்தால்தான் இன்னொருவர் பின்னால் நுழைய முடியும். கெட்டவர்கள் வைத்த குண்டு வெடிக்க மிச்சமிருந்த நேரம் திரையின் மேல் ஓரத்தில் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு தொப்பியும் கதவுக்கு முன்னால் நின்றன.

"நீங்க போங்கம்மா" என்றார் இவர்.

"இல்ல தம்பி, விருந்தாளி நீங்க. நீங்க மொத போங்க."

"பெரியவுக இருக்கும்போது நான் எப்படிம்மா முன்னாடி போறது."

"பரவால்ல, போங்க தம்பி."

"இல்லம்மா, நீங்க."

நேரம் சிவப்பாக மாறியது. டிவி கூவ ஆரம்பித்தது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இவருடைய அம்மா விஷயம் புரியாமல், மகன் ஏதோ தப்பு செய்துவிட்டான் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டார்கள். யாராவது ஒருத்தர் போய்த் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. பெண் பார்க்க வந்திருக்கும்போது பெண் கத்தக்கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மேடை வெடித்தது. நீலம், மஞ்சள், மீட்க வந்த வேலையாட்கள், கெட்டவர்கள் எல்லாரும் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அத்தை ரிமோட்டைக் கீழே வைத்தாள். "காப்பி ஆறுது, குடிங்க தம்பி" என்றாள். அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார். அத்தை வயர்களைச் சுற்றி வைத்தாள். டிவி மேல் துணியைப் போட்டாள். "பொங்கலுக்கு எம்மகன் வாரான். வந்துட்டுப் போகட்டும். அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனா இல்லையா என்று எழுதி ஒட்டியிருந்தது. நான் மொட்டைமாடிக்குப் போய்த் துணி காய்கிற இடத்தில் நின்று அழுதேன். அத்தையை நான் வெறுத்தது அந்த ஒரு மார்கழி மாதம்தான். வெறுத்துக்கொண்டே அவள் கொடுத்தனுப்பிய அதிரசத்தையும் தின்றேன்.

பொங்கலுக்கு அவன் வந்தான். வரும்போதெல்லாம் தன் அம்மாவுக்கு வேலை குறைகிற மாதிரி ஏதாவது ஒரு மிஷின் வாங்கி வருவது அவன் வழக்கம். துணி துவைக்கிற மிஷின், மாவு அரைக்கிற மிஷின். இந்தத் தடவை தானாக வீட்டைப் பெருக்குகிற வட்டமான ஒன்று. அது முற்றத்துக் குழியில் விழுந்து சுற்றிக்கொண்டிருந்தபோது அவனைத் தனியாகப் பிடித்து, நமக்குள் கல்யாணம் வேண்டாமென்று உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்று கெஞ்சினேன். அவன் முகம் சுண்டிப்போனது. எத்தனையோ வருடமாக இந்த ஒன்றைத்தான் கனவு கண்டுகொண்டிருக்கிறாள், எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது என்றான். அம்மாவுக்காக எதையும் செய்கிற பையன். அந்த எதையும் என்பதில் நானும் சேர்ந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலன்று எல்லாருக்கும் அத்தை வீட்டில்தான் கறிச்சோறு. சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தோம். அத்தை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து டிவியைப் போட்டாள். நீல ரிமோட்டைத் தான் எடுத்துக்கொண்டு மஞ்சளை மகனிடம் நீட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். தன் அம்மா இதெல்லாம் ஆடுவாள் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவனோடு அவள் ஆடியதே கிடையாது. அவன் ஆடிய வருடங்களில் அவள் அடுப்படியில் இருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட விழாவில் மேடையேறப் போகிற பிள்ளையின் முகம்.

அவன் சோம்பல் முறித்துவிட்டு ஆரம்பித்தான். பழகிய கை. எந்தப் பெட்டிக்குப் பின்னால் எவன் ஒளிந்திருப்பான் என்று அவனுக்கு மனப்பாடம். அத்தை இரண்டு எட்டு வைப்பதற்குள் மஞ்சள் தொப்பி படிக்கட்டில் நின்றது.

"இருய்யா, நானும் வாரேன்" என்றாள் அத்தை.

"நீ ஏம்மா கஷ்டப்படுற? அப்படியே நில்லு. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றான் அவன்.

அன்பாகத்தான் சொன்னான். அத்தை விரலை வேகமாக அழுத்திப் பார்த்தாள். நீலத் தொப்பி ஓர் இரும்புப் பெட்டியில் முட்டி நின்றது, திரை மேலேறியது, நசுங்கியது. அடுத்த உயிரும் அப்படியே போயிற்று. அதற்கடுத்ததும். அவன் கவனிக்கவில்லை. அத்தை ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் தொப்பி இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்புக் கதவை அவன் நேரம் பாதி மிச்சமிருக்கும்போதே தாண்டினான். வேலையாட்கள் எல்லாரும் மீண்டார்கள். அந்த வீட்டில் அந்த ஸ்டேஜை ஒரு குறையில்லாமல் முடித்த முதல் ஆள் அவன்தான். அப்பாகூடக் கைதட்டினார்.

அத்தையும் மகனுடைய தலையைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அண்ணே, காரியாபட்டிக்குப் போன் போடு. பிள்ளைய அங்கயே குடுத்துருவோம்" என்றாள்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். அம்மா கையில் வைத்திருந்த வெற்றிலையை மடிக்காமல் அப்படியே நின்றாள். எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மகனுக்கு மட்டும் எதுவும் காதில் விழவில்லை. திரையில் அடுத்த ஸ்டேஜ் வந்துவிட்டிருந்தது.

"வாம்மா, ஒனக்குப் புது உயிரு குடுத்திருக்கான், ரிமோட்ட எடு" என்றான் திரும்பாமலே.

அத்தை ரிமோட்டை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"நீ போய்யா" என்றாள். "நான் இங்கன இருந்துக்கிறேன்."